ஒரே தாளில் இரண்டு பேர்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவள். யாருக்கும் எதையும் இல்லையென்று சொன்னதில்லை. ஒரே ஒரு படத்தைக் கொடுக்கத்தான் யோசித்தேன்.

படத்தில் நானும் என் கூட்டாளியும் இருந்தோம். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் குடியிருந்து, அடுத்தடுத்த நிரையில் தேயிலைக் கொழுந்தெடுத்தே கிழவிகளானவர்கள் நாங்கள். ஒரு நாள் ரோட்டோர மலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைப் படம் பிடித்தாள். கெமராவின் வாயிலிருந்து வெறும் வெள்ளைத் தாள் வந்தது. பழுதாகிவிட்டதென்று அவளுக்காகப் பாவப்பட்டோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேலை நிறம் வந்தது, பிறகு பல், பிறகு கண். அதை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

"லயத்துக் கண்ணாடி இத்தன வருசமா பொய் சொல்லியிருக்கு புள்ள," என்றாள் கூட்டாளி. "நாம நல்லாத்தான் இருக்கோம்."

அதற்குப் பிறகு அவள் பார்வையே மாறிவிட்டது. பனி மூடிய மலையைக் கண்டால் கூடையோடு நின்றுவிடுவாள். பொறு, இப்போது வரும் என்பாள். பனி விலக விலக முதலில் மரங்கள், பிறகு லயத்துக் கூரைகள் தெரியும். நானும் நின்று பார்க்கப் பழகினேன். கங்காணி ஏசுவார்.

தாள் ஒன்று, ஆள் இரண்டு. ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரை அவள் வீட்டில், பிறகு என் வீட்டில் என்று முறை வைத்துக்கொண்டோம்.

போன மழையில் அவள் போய்ச் சேர்ந்தபோது என் முறை. அவள் மகன் வந்து நின்றான். மாலை போடப் படமில்லை. போனில் எடுத்ததிலெல்லாம் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். கைக்கு வராத படம் எதற்கு என்பது அவள் கட்சி. என்னை வெட்டிவிடுவானோ என்று பயந்தேன். நாங்கள் சேர்ந்து நிற்கும் இடம் அது ஒன்றுதான். கத்தரிக்கோல் படாதென்று அவன் சத்தியம் செய்த பிறகும், நானே மடியில் வைத்துக்கொண்டு அவனோடு ஹட்டன் டவுனுக்குப் போனேன்.

ஸ்டூடியோக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு திரையில் என்னை எடுத்துவிட்டு அவளைப் பெரிதாக்கினார். அவள் தோளில் என் நாலு விரல் மட்டும் மிச்சம். அழித்துவிடவா என்று கேட்டார். விட்டுவையுங்கள் என்று கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கில்லை.

அவள் மகன் என்னைப் பார்த்தான்.

"இருக்கட்டும் அண்ணே. அது பெரியம்மா கை. அது இருக்கப் போயித்தான் அம்மா சிரிக்குது."

இப்போது மாலைக்குள் அவளும் என் விரல்களும். வருகிறவர்கள் யார் கையென்று கேட்கிறார்கள். அவன் சொல்கிறான். அவனுக்குப் பிறகும் தெரிய வேண்டுமே என்றுதான், எனக்குத் தெரிந்த எழுத்தில் இதை எழுதி வைத்தேன்.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள்.

"இங்க வா பாப்பா, இத மெதுவா வாசி. கையப் பத்திச் சொன்னது வெளங்குதான்னு பாப்போம்."