சூசை அண்ணையும் இரண்டாவது கையெழுத்தும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடையில் நின்றபோது சூசை அண்ணையின் மகள் ஜெனிற்றா போன் எடுத்தாள். “அன்ரி, அப்பா விடிய போயிட்டார்,” என்றாள். அடுத்த மூச்சில், “சைட் ஆக்களுக்கு நீங்கள்தான் சொல்லவேணும், என்னட்டை நம்பர் இல்லை,” என்றாள். அழுகைக்கு நடுவிலும் ஆள் சேர்க்கிறாள், தகப்பனின் பிள்ளைதான். கையிலிருந்த கத்தரிக்காயைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்து நின்று அழுதேன்.

இந்த அஞ்சலியை வாசிக்கிறவர்களில் அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூசை அண்ணை மன்னார்க்காரர். லண்டனில் எழும்புகிற கட்டடங்களுக்குக் கம்பி கட்டியே முதுகு வளைந்தவர். அவர் நின்ற ஒரு கட்டட சைட்டின் கன்டீனில் நான் தேத்தண்ணி ஊற்றினேன். வேலைசெய்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் யூனியனுக்கு ஆள் சேர்த்தார். முதல் நாளே படிவத்தை நீட்டமாட்டார். முதல் கிழமை முழங்கால் நோவைப் பற்றி விசாரிப்பார், அடுத்த கிழமை நல்ல கையுறை எங்கே வாங்கலாம் என்று சொல்லுவார். படிவம் வர ஒரு மாதமாகும். அதற்குள் அந்த மனிதரே, “அண்ணை, ஏதோ யூனியனாமே?” என்று கேட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோவில் மண்டபத்தில் பிடிப்பார். இந்துக்களை விட்டுவைப்பாரா? வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் போய் நிற்பார். “வேதக்காரனுக்கு இங்கை என்ன வேலை அண்ணை?” என்று நான் கேலி செய்தபோது, “சைட்டிலை கண்டால் ஓடுவாங்கள் தங்கச்சி. இங்கை ஓட ஏலாது, செருப்புத் தேடவேணும்,” என்றார்.

அரசாங்கம் ஒரு கையால் தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்தி, மறு கையால் குடிவரவுச் சட்டத்தை இறுக்கிக்கொண்டிருந்த காலம் அது. யூனியன்காரர் இனிச் சைட்டுக்குள் வரலாமாம் என்று ஒரு கதை வரும். விசா விதி மாறப் போகுதாம் என்று பின்னேரம் இன்னொரு கதை வரும். எங்கள் ஆட்களுக்கு இரண்டாவது கதைதான் காதில் ஏறும். ஊரில் பெயர்ப்பட்டியலோடு வந்து ஆட்களைப் பிடித்துப் போனதைக் கண்டு வந்தவர்கள். பேர் கொடு என்றாலே நழுவிவிடுவார்கள். அவர்களை ஒருநாள் நான் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிட்டேன். அண்ணைக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றைக்குத்தான். “அப்பிடிச் சொல்லாதேங்கோ. அவங்கள் முந்தி ஒருக்காப் பேர் குடுத்துப் பட்டவங்கள்,” என்றார்.

அதிலும் எங்கள் சைட்டில் வேலைசெய்த யோகன் கடும் பயத்தில் இருந்தார். “குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலை என்ர பைல் கிடக்குது அண்ணை. இதிலை பேர் போனால்?” என்பார். அண்ணை வற்புறுத்தவில்லை. ஒரு வழக்கறிஞரிடம் போய், யூனியனில் சேர்வதால் விசாவுக்குப் பாதிப்பில்லை என்று எழுத்தில் வாங்கி வந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். யோகன் கையெழுத்து வைத்த அன்று அண்ணை கன்டீனில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

யூனியனோடு கம்பனி பேசத்தான் வேண்டுமென்றால், பாதிக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று காட்டவேண்டும். அண்ணை பெயர்களைத் தமிழில் கொப்பியில் எழுதி வருவார். இங்கிலீஷ் எழுத அவருக்குச் சிரமம். கன்டீன் ஸ்டோர் அறைக்குள் இருந்து படிவங்களை நிரப்பியது நான். ஆட்கள் பிறகு கையெழுத்து மட்டும் வைத்தார்கள். நான் ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை ஒரு எழுத்தாக முன்னால் போட்டு, அவரவர் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டேன். பாஸ்போட்டிலும் சம்பளப் பட்டியலிலும் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். யூனியன் படிவங்களையும் கம்பனியின் சம்பளப் பட்டியலையும் ஒப்பிட்ட அரசாங்க அதிகாரிக்கு ஒரு தமிழரும் பொருந்தவில்லை. இவர்கள் இந்தச் சைட்டில் வேலை செய்கிறவர்களே அல்ல என்று கம்பனி சொன்னது. எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கவேண்டி வந்தது.

மதியம் கன்டீன் வரிசையில் எல்லோர் முன்னாலும் அண்ணையைப் பார்த்து யோகன் கேட்டார். “முதல் வைச்ச கையெழுத்து எங்கை? ஆரிட்டைக் குடுத்தனீங்கள் என்ர பேரை?”

“ஆரிட்டையும் குடுக்கேல்லை தம்பி. பிழை என்னிலைதான். நான் சரியாய் எழுதேல்லை,” என்றார் அண்ணை.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். படிவம் நிரப்பியது நான்தான் என்று கம்பனிக்குத் தெரிந்தால் வேலை போயிருக்கும். அண்ணை என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த கிழமை முழுக்க வீடுவீடாக ஏறி இறங்கினார். கதவைத் திறக்காதவர்களும் இருந்தார்கள். மட்டுமட்டாகத் தேறினோம். கம்பனி யூனியனோடு பேசியது, சுகமில்லாத நாளுக்கும் சம்பளம் வந்தது. ஆனால் யோகன் இரண்டாவது முறை கையெழுத்து வைக்கவில்லை. சைட்டை விட்டே போனார். சூசை பட்டியலை விற்றுவிட்டான் என்று ஒரு கதை மட்டும் மிஞ்சியது. அது அண்ணையின் காதுக்கும் போனது. “சொல்லட்டும் தங்கச்சி. பயத்திலை சொல்லுறாங்கள்,” என்றார்.

அந்தக் கன்டீன் வேலை போய் எவ்வளவோ காலமாகிறது. பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போது என்னைத் தடுத்தது பயமில்லை, வெட்கம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “நான் சொல்லப்போறன் அண்ணை,” என்றேன். “இப்ப ஏன்?” என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

யோகன், அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. உங்களுக்கும் இதை அனுப்புகிறேன். உங்கள் பெயரை அண்ணை எவரிடமும் கொடுக்கவில்லை. அதைக் கட்டம் மாற்றி எழுதியது நான். அவர் எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பழி ஒன்றுதான். இவ்வளவு காலம் அவர் வைத்திருந்தார், இனி அது என்னிடம் இருக்கட்டும். முப்பத்தோராம் நாள் பூசை ஃபாரஸ்ட் கேட் மாதா கோவிலில் நடக்கிறது. வந்து அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போங்கள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.