டெண்டர் உறைக்குள் மொய்க்காசு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பெட்டியின் ஒரு சாவியை வைத்திருந்த சீன அதிகாரி அம்மா, இன்னொரு சாவியை வைத்திருந்த மலாய்க்காரர், பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண், சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் தெருவிலேயே திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் பெரியவர், அப்புறம் நான். வண்டி நிறுத்த இடம் கிடைக்காததால் என் கணவர் கீழே வேனிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஓர் அரசாங்க அலுவலகத்தின் கூட்ட அறைகளுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டுகிற டெண்டர். இப்போதெல்லாம் இவை கணினியிலேயே முடிந்துவிடுகின்றன. இதில் துணி மாதிரியும் கேட்டிருந்ததால், பழையபடி இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி வைத்திருந்தார்கள். விலைத்தாள், ஒரு சாண் துணி, டெபாசிட்டாக ஐயாயிரம் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, வங்கிக் காசோலை. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எந்தத் தாளையும் சும்மா நம்புவதில்லை. எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்து, மறுபடியும் எடுத்துப் பார்த்து, அப்புறம்தான் ஒட்டச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தேன்.

அந்த ஐயாயிரம் உண்மையில் கடை வாடகைக்கு வைத்திருந்த பணம். இரண்டு மாத பாக்கி ஏழாயிரத்து அறுநூறு. டெண்டர் கிடைக்காவிட்டாலும் டெபாசிட் சீக்கிரம் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டு, மாதக் கடைசிக்குள் ஐயாயிரம் தருகிறேன் என்று கடைச் சொந்தக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். "இல்லேன்னா சாவிய கொடுத்துடுங்க, வேற ஆளு காத்திருக்கு" என்றிருந்தார் அவர்.

ஒவ்வோர் உறையையும் தூக்கிக் காட்டி, ஒட்டு பிரியவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகே வெட்டினார்கள். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்ல, தமிழ்ப் பெண் எழுதினாள். என் உறையை அதிகாரி அம்மா கவிழ்த்தபோது, துணியோடு சேர்ந்து ஒரு டாலர் நாணயம் மேசையில் விழுந்து உருண்டது. மஞ்சள் தடவிய நாணயம்.



"அக்கா, இது என்ன?" என்றாள் தமிழ்ப் பெண், மெல்ல.

"தெரியலம்மா... எங்க வீட்டுக்காரரு... ராசிக்கு வச்சிருப்பாரு. கொடும்மா, எடுத்துக்கிறேன்."

கையை நீட்டினேன். மலாய்க்காரர் என் கைக்கும் நாணயத்துக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தார்.

பெரியவர் சிரித்தார். "ஒரு வெள்ளிக்கு யாருலா விலை போவாங்க, தங்கச்சி? கொடுக்கிறதுதான் கொடுக்கிற, ஒரு பத்தாவது வச்சிருக்கக் கூடாதா?"

"ஐயா, விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடுறேன்? எழுதிக்கம்மா. நானும் பாத்தேன்."

அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. நாணயத்தைச் சிறிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதற்கும் எண் கொடுத்து, எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழ்ப் பெண் எனக்கு விளக்கினாள். உறைக்குள் பணம் இருந்தால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். விசாரித்து முடிக்கும்வரை அந்த உறையில் இருந்த எதுவும் கோப்பை விட்டு வெளியே போகாது.

"எதுவும்னா? காசோலையுமா?"

"அதுவும்தான் அக்கா."

கீழே வேனுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கணவரிடம் கேட்டேன்.

"விலை எண்பத்து நாலாயிரம்னு முழுசா இருந்துச்சு. முழுசா கொடுக்கக் கூடாதுல்ல? அதான் ஒண்ணு சேத்து வச்சேன்."

"கல்யாண வீடா அது? மொய் எழுதவா போனோம்?"

"நல்லது நடக்கட்டும்னுதானே..."

"நல்லா நடந்துச்சு. லஞ்சக் கேஸுல போய் நிக்கப் போறோம்."

அதன் பிறகு தோ பாயோ வீட்டில் எனக்குத் தூக்கம் இல்லை. லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றாலே, யாரோ விசாரிக்க வருகிறார்கள் என்று நினைப்பேன். விளக்கக் கடிதம் கேட்டார்கள். மொய் என்றால் என்ன, ஏன் ஒன்று கூட்டி வைப்போம் என்பதை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல், அடித்தடித்து எழுதினேன். எழுத எழுத அது இன்னும் பெரிய குற்றம் மாதிரித் தெரிந்தது.

மாதக் கடைசி நெருங்கியபோது அந்த அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் தமிழ்ப் பெண்ணைக் கூப்பிடச் சொல்லி, வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"காச வச்சுக்கோங்க. காசோலைய மட்டும் கொடுத்துடும்மா. கடை போயிடும்."

அவளுக்கும் கண் கலங்கியது. "அக்கா, ஜெயிச்சவங்க பேப்பர் மட்டும் இல்ல, தோத்தவங்க பேப்பரையும் திறந்தப்ப இருந்த மாதிரியே வச்சிருக்கணும். உங்களுக்காக ஒண்ண நான் வெளிய எடுத்தா, நாளைக்கு வேற யாருக்காவது ஒண்ண உள்ள வைக்கச் சொல்லுவாங்க. என் வேலையும் போயிடும் அக்கா."

அவள் சொன்னது புரிந்தது. நானே பெரியவரின் உறையை எத்தனை சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்! ஆனால் அது புரிந்ததால் வாடகை கட்ட முடியுமா? படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அங்கே துடைத்துக்கொண்டிருந்த பங்களாதேஷ் தொழிலாளி வாளியை நகர்த்திவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

மாதக் கடைசியில் கடைச் சாவியைக் கொடுத்தோம். தையல் இயந்திரங்கள் இரண்டையும் வீட்டுக் கூடத்தில் போட்டோம். பிள்ளைகள் அதன் மேல் புத்தகத்தை வைத்துப் படித்தார்கள்.

பல வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தவறான நோக்கம் இல்லையாம். என் விலையைக் கணக்கில் எடுக்கவில்லையாம். காசோலையையும் அதோடு இணைத்திருந்தார்கள். அதை வங்கியில் திருப்பிக் கொடுத்து, பணத்தை அப்படியே கடைச் சொந்தக்காரர் கணக்குக்கு மாற்றினேன். எங்கள் கடையில் அப்போது கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

டெண்டர் பெரியவருக்குக் கிடைத்திருந்தது. ஒரு நாள் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்தத் திரைச்சீலைதான். கை பத்தல. தைச்சுக் கொடுக்கிறியா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "எவ்வளவு ஐயா கொடுப்பீங்க?" என்றுதான் வந்தது.

எண்ணூற்று ஐம்பது கொடுத்தார். அதையும் வாடகை பாக்கியில் கட்டினேன். கடைச் சொந்தக்காரருக்கு இன்னும் தர வேண்டியது ஆயிரத்து எழுநூற்று ஐம்பது வெள்ளி.