ஜும்மாவுக்குப் பூட்டிய கடை

கல்லடியில் தம்பியின் குடும்பத்தைச் சுனாமி கொண்டுபோனது. அவர்களின் படங்கள் டவுனில் எங்கள் வீட்டுக் கணினியில் மட்டுமே மிஞ்சின. அதன் மதர்போர்ட் எரிந்துபோக, காத்தான்குடிக் கடையொன்றில் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே படங்கள் இருப்பதைச் சொல்லத் தோன்றவில்லை.

"போர்ட் மாத்தினா எல்லாத்தையும் அழிச்சுத்தானே விண்டோஸ் போடுவாங்க!" என்றார் கணவர்.

பதறிப்போய் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை; கடை பூட்டியிருந்தது. ஜும்மா தொழுகை முடிந்து கடைக்காரர் வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"நானா, அழிச்சிட்டீங்களா?" என்றேன், அண்ணனை அங்கே அழைக்கும் முறையில்.

"இல்ல தங்கச்சி, தொழுதிட்டு வந்து செய்வமெண்டு வெச்சிட்டுப் போனன்."

விஷயத்தைச் சொன்னேன். பழையதைப் போன்ற அதே ரகப் போர்டைத் தேடியெடுத்துப் பொருத்தினார். எதையும் அழிக்காமலே விண்டோஸ் திறந்தது. திரையில் தம்பி சிரித்தான்.

படங்களுக்கு இப்போது பிரதி வைத்திருக்கிறேன். ஆனாலும் கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது, என்ன பழுது என்பதற்கு முன், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.