அமில அலமாரியின் சாவி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அது நடந்தது. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். வீடு அம்பத்தூரில். வயது முப்பத்திரண்டு. கோபம் மூக்கின் நுனியிலேயே இருக்கும். போதாததற்கு நான் பெரிய முற்போக்குக்காரி என்ற நினைப்பு வேறு.

சனிக்கிழமை மதியங்களில் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு குழு நடத்திவந்தேன். மாணவர்கள் மட்டுமில்லை, தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள், யார் வேண்டுமானாலும் வந்து ஆராய்ச்சி பழகலாம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாணவர் துணையாக இருந்து சொல்லித்தருவார். கரும்பலகையின் மூலையில் 'இங்கே யாரும் கேள்வி கேட்கலாம்' என்று எழுதி, யாரும் அழித்துவிடாதபடி சுற்றிக் கட்டம் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே மரியாதை கூடும்.

அந்தக் குழுவுக்குத் திருமழிசையிலிருந்து ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்கூடத்தில் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். வாரம் தவறாமல் வந்து, கடைசி மேசையில் உட்கார்ந்து, சொன்னதைச் செய்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போய்விடுவார். கூச்ச சுபாவம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவருடைய தெருக் கிணற்றுத் தண்ணீர் சில வாரங்களாக லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. பக்கத்தில் எங்கோ உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறை வந்திருந்தது. முலாம் பூசப் பயன்படும் குரோமியம் தண்ணீரில் கலந்தால் உடம்புக்கு ஆகாது. தெருக்காரர்கள் கிணற்றைப் பூட்டாத குறையாக ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். காரணம், வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். அம்மனுக்கு அந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீரில்தான் கூழ் காய்ச்ச வேண்டும் என்பது வழக்கம்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, சுற்று வட்டாரத்து ஏழு கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தோம். தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டுவிட்டால், குரோமியம் இருந்தால் ஊதா நிறம் வரும். ஆறு கிணறுகளுக்கு நிறமே வரவில்லை. அக்கா பரிசோதித்த அவர் தெருக் கிணறு மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது.

நான் அந்தச் சோதனைக் குழாயை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடிக் குழாய்களைக் குரோமிக் அமிலம் என்ற ஒன்றில் ஊறவைத்துக் கழுவுவோம். சரியாக அலசாவிட்டால் அந்த மிச்சமே ஊதா நிறம் காட்டிவிடும். "அலசத் தெரியாம செஞ்சுட்டீங்க அக்கா" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, அவர் நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். மறுபடி செய்து பார்க்கத் தண்ணீர் மிச்சமில்லை. சுற்றியுள்ள ஆறும் நன்றாக இருக்கும்போது இது மட்டும் எப்படிக் கெடும்? 'பயன்படுத்தலாம்' என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவரிடம் கொடுக்கச் சொல்லி அக்காவிடமே நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் காலை தேவாலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது ஒரு சாவி நழுவித் தரையில் விழுந்து சத்தம் போட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். குனிந்து எடுத்தேன். ஆய்வகத்து அமில அலமாரியின் சாவி.

அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்த அமிலத்தை மாணவர்கள் மட்டும்தான் தொடலாம் என்பது என் உத்தரவு. வெளியிலிருந்து வருகிறவர்கள் எதையாவது கொட்டிவிடுவார்கள், உடைத்துவிடுவார்கள் என்று அவர்களுக்குக் கடைசி மேசையில் தனி ஸ்டாண்ட், தனிக் குழாய்கள். அந்தக் குழாய்கள் வாங்கிய நாள் முதல் சோப்புத்தூளைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. அக்காவின் குழாயில் அமிலம் ஒட்டியிருக்க வழியே இல்லை. டீக்கடைத் தனிக் குவளையைக் கண்டித்து மேடையில் பேசியவள் நான். என் ஆய்வகத்தில் தனிக் குழாய் வைத்தவளும் நான்தான்.

ஜெபம் முடியும்வரை நிற்க முடியவில்லை. வெளியே ஓடிவந்தேன். அந்தத் தெருவில் யார் வீட்டிலும் தொலைபேசி கிடையாது. நேரில் போவதைத் தவிர வழியில்லை. அம்பத்தூரிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து திருமழிசை. ஆடி ஞாயிறு என்பதால் பேருந்தில் மஞ்சள் புடவைக் கூட்டம். வழியில் ஒரு கரக ஊர்வலம் குறுக்கே வந்து வண்டி நகராமல் நின்றுவிட்டது. பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. அந்தத் தண்ணீரை ஒரு வேளை குடித்தால் என்ன ஆகும் என்று எனக்கே சரியாகத் தெரியாது. என் கையெழுத்தை நம்பி இன்றிலிருந்து தினமும் குடித்தால்? சொம்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கப்போகும் பிள்ளைகளின் முகங்களாகக் கண்முன் வந்துகொண்டிருந்தன. அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

திருமழிசையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஓடினேன். கோயில் முன்னால் அண்டாக்கள் அடுப்பில் ஏறியிருந்தன. தீ இன்னும் மூட்டவில்லை. ஓர் ஓரமாக மீன்பாடி வண்டியில், அடுத்த தெருவிலிருந்து கொண்டுவந்த இரண்டு பீப்பாய் தண்ணீர். அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்த அக்கா நின்றிருந்தார். எதிரே ஊர்ப் பெரியவர், சுற்றிலும் தெருவே கூடியிருந்தது.

"நம்ம ஆத்தாவுக்கு அடுத்த தெரு தண்ணில கூழா? இன்னா நீ, பெரிய டாக்டரா?" என்று பெரியவர் கத்தினார்.

"டாக்டர் இல்லபா. ஆனா என் கண்ணு நல்லாதான் கீது. அந்தத் தண்ணி ஊத்துனா நான் அடுப்பு மேலயே குந்திக்குவேன்" என்றார் அக்கா.

என் ஆய்வகத்தில் நான்கு மாதமாக வாய் திறக்காதவர் அவர். ஒரு நொடி, ஆள் மாறிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் வெளிறிப்போனது. ஆனாலும் கூட்டத்தைப் பார்த்து, "தோ, மேடமே வந்துட்டாங்க பாரு" என்றார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுமா. தண்ணி நல்லாகீதா, இல்லையா?"

எல்லாக் கண்களும் என்மேல். அக்காவின் கண்கள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவரைப் பொய்க்காரி ஆக்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் மூச்சிரைக்கச் சொன்னேன். தண்ணீர் கெட்டிருக்கிறது. இவர் சரியாகத்தான் பார்த்தார். நான்தான் அதைத் தப்பென்று அடித்துவிட்டேன்.

பெரியவர் தோள் துண்டை உதறிவிட்டு, "அந்தப் பீப்பாய இறக்குங்கடா" என்றார். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்காய் மடித்த ஒரு தாளை என் கையில் வைத்தார். என் கடிதம். பெரியவரிடம் கொடுக்கவே இல்லை.

"மன்னிச்சுடு மேடம். மூணு தபா அலசினேன், மூணு தபாவும் அதே கலருதான் வந்துச்சு. மேடமே வந்து சொல்வாங்கன்னு இங்க சும்மா அட்ச்சு வுட்டேன். நெசமா வந்துட்டீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இதை நேத்தே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?"

சிரிப்பு நின்றது. "அங்க எப்டி மேடம் சொல்றது? அங்கல்லாம் படிச்சவங்க கீறாங்க."

அன்று அந்தக் கோயிலில் அடுத்த தெருத் தண்ணீரில் காய்ச்சிய கூழை நானும் இரண்டு சொம்பு குடித்தேன். திங்கட்கிழமை புதிதாகத் தண்ணீர் எடுத்து, புதுக் குழாயில், எல்லார் முன்னாலும் நானே பரிசோதித்தேன். அதே கத்தரிப்பூ நிறம். கிணறு மூடப்பட்டது. தனி ஸ்டாண்டை எடுத்துவிட்டேன். அமிலத்தை எப்படிக் கையாள்வது என்று எல்லாருக்கும் கற்றுக்கொடுத்து, அலமாரிச் சாவியை ஆய்வகச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்று வைத்தோம். அக்கா முதல் முறை பேசியபோது என் கணக்கில்தான் ஒரு பிழையைக் காட்டினார். கோபம் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கரும்பலகையில் கட்டம் கட்டி எழுதியிருந்த அந்த வரியை மட்டும் நானே அழித்தேன். தெருவே திரண்டு நின்றபோது அசையாத ஒரு பெண்ணுக்கு என் ஆய்வகத்தில் வாய் திறக்கப் பயமாக இருந்தது என்பது, இத்தனை வருடம் கழித்தும், யாராவது என் முன்னால் மௌனமாகத் தலையாட்டும்போதெல்லாம் என்னைச் சுடுகிறது.