போகிக்கு வந்த மூட்டைகள்

எங்க ஊட்டுல முன்பக்கம் நாலு தறி ஓடுது, பின்பக்கம் நாங்க குடியிருக்கோம். இந்தப் பக்கத்துத் தறி ஊருல பாதி ஊடு இப்படித்தான். பேசணும்னா கத்தணும், படிக்கணும்னா ஊட்டை உட்டு வெளியில போகணும். நான் போறது எங்க ஊரு கிளை நூலகத்துக்கு. எங்க ஊட்டுக்காரர் தறிக்குப் பாவு நூல் எடுக்கப் பள்ளிபாளையம் போயிருவாரு. கைக்குழந்தையை மாமியார்கிட்ட குடுத்துட்டு, மத்தியானம் ரெண்டு மணி நேரம் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறேன். ஜன்னலோரம் ஒரு மேசை, இந்த ஊருல எனக்குன்னு இருக்கிற இடம் அதுதான். காசு கேக்காம, நீ யாரு பொண்டாட்டின்னு கேக்காம ஒரு பொம்பளையை உக்கார உடுற இடம் இன்னொண்ணு இருந்தா சொல்லுங்க, அங்க போறேன்.

இந்த நூலகத்துக்கு ஒரு வாசகர் வட்டம், அதுக்கு ஒரு தலைவரு. துணி வியாபாரம், நல்ல வசதி. வாசகர் வட்டத் தலைவருன்னா எதையாச்சும் வாசிப்பாருன்னு நீங்க நினைச்சா, உங்களை மாதிரி வெள்ளந்தி உலகத்துல இல்லை. அவரு உன்னிப்பாப் படிச்சு நான் பார்த்தது, அவருக்குப் போட்ட பொன்னாடையில ஒட்டியிருந்த விலைச்சீட்டை மட்டும்தான்.

மார்கழி பொறந்ததும் அவருக்கு ஒரு யோசனை உதிச்சுது. போகிக்குப் பழைய புத்தகத்தை எரிக்காதீங்க, நூலகத்துக்குக் குடுங்கன்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்ல வெச்சாரு. எங்க சனத்துக்குச் சொல்லவா வேணும்? போகின்னா ஊட்டுக் குப்பையைக் கழிக்கிற நாளு. எரிச்சா புகை, தெருவுல போட்டா குப்பை வண்டிக்காரன் திட்டுவான், நூலகத்துக்குக் குடுத்தா கொடைவள்ளல். மூட்டை மூட்டையா வந்து எறங்குச்சு. கிழிஞ்ச காலண்டரு, மில்லுக்காரங்க குடுத்த டைரி, என்னைக்கோ முடிஞ்சுபோன வருசத்து ராசிபலன், யாரோ ஒருத்தரோட கல்யாண ஆல்பம். ஒரு மூட்டைக்குள்ள கோரைப்பாய்கூட இருந்துச்சு. த்தூ! நூலகத்துக்குச் செய்யணும்னா புதுசா ரெண்டு புத்தகம் வாங்கிக் குடு, எடுத்துட்டுப் போனதைத் திருப்பிக் குடு, உம்புள்ளையைக் கூட்டிட்டு வந்து உக்கார வை. கரையான் அரிச்சதைக் கொட்டிட்டுப் போறதுக்குப் பேரு தானமா?

நூலகர் அம்மா பாவம், எதிர்த்துப் பேசுனா மேலிடத்துல புகார் போயிரும்னு பயம். எல்லாத்துக்கும் சரிங்க, வெச்சுட்டுப் போங்கன்னாங்க. எடமில்லாம என் மேசை மேலயும் அடியிலயும் அடுக்கிட்டாங்க. பரீட்சை கிட்ட வந்துருச்சு. பேப்பர் படிக்கிற பெருசுங்களுக்கு நடுவுல, பெஞ்சு நுனியில ஒட்டிக்கிட்டு, மடியில நோட்டை வெச்சு எழுதுனேன். உக்காரவே எடமில்லைன்னா அங்க எதுக்குப் போறே, புள்ளையைப் பாத்துக்கிட்டு ஊட்டுலயே இருன்னு மாமியாரும் ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா என் படிப்பு அவ்வளவுதான்னு தெரிஞ்சுபோச்சு. அழுகை வரலை, ஆத்திரம்தான் வந்துச்சு.

அந்த ஆத்திரத்துல ஒரு நாள் ஒரு மூட்டையைப் பிரிச்சேன். தலைவரு ஊட்டு மூட்டை, மேல அவரு பேரைக் கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருந்துச்சு. உள்ள இந்திய வரலாறு, ரெண்டாம் பாகம். நூலக அலமாரியில முதல் பாகம் மட்டும்தான் இருக்கும். அடுத்தது எங்கன்னு கேட்டா, எடுத்துட்டுப் போனவங்க திருப்பித் தரலைம்பாங்க. அட்டையைத் திருப்புனா எங்க நூலக முத்திரை. பிள்ளையாரைக் கிள்ளிப் பிள்ளையாருக்கே நைவேத்தியம் வெச்சிருக்காரு பெரிய மனுசர்.

போகிக்கு முந்தின நாள் தலைவரு போட்டோக்காரரோட வந்தாரு. மூட்டைக்குப் பக்கத்துல நின்னு பார்த்தாரு, திருப்தியில்லை. யாராச்சும் படிச்சுக்கிட்டிருந்தா எடுப்பா இருக்கும்னாரு. பெருசுங்களைப் பார்த்து முகத்தைச் சுளிச்சாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு.

"ஏஞ்சாமி, ஒரு புத்தகத்தைக் கையில புடிச்சுக்கிட்டுப் படிக்கிற மாதிரி நில்லு."

படிக்கிற மாதிரியாம். தெனமும் வந்து நெசமாவே படிக்கிறவகிட்ட சொல்றாரு. நான் அந்த ரெண்டாம் பாகத்தை விரிச்சு முத்திரையைக் காட்டுனேன். "இது நூலகத்துப் புத்தகமுங்க. உங்க ஊட்டு மூட்டையில வந்திருக்குது."

கொஞ்சமாச்சும் மூஞ்சி சுருங்கும்னு பார்த்தேன். அந்த மனுசனுக்கா? எங்க ஊட்டுல எவ்வளவு பத்திரமா இருந்திருக்குது பாரு, அதையே புடிச்சுக்கன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எருமைத் தோலுகிட்டப் போயி ரோசத்தைத் தேடுறேன் பாருங்க. அவருக்கு வேணும்கிறது ஒரு படம், எனக்கு வேணும்கிறது ஒரு மேசை.

"நின்னுக்கிட்டுப் படிக்க வராதுங்க. அந்த மேசையில உக்கார்ந்துதான் படிப்பேன். மூட்டையை எடுக்கச் சொல்லுங்க."

கூட வந்தவங்க ஒவ்வொண்ணா வராண்டாவுக்கு இழுத்துப் போட்டாங்க. அடியில இருக்கிறதையும் எடுத்தாத்தான் காலை வெக்க முடியும்னேன், அதையும் எடுத்தாங்க. தலைவரு பேரு ஒட்டுன மூட்டையை மட்டும் படத்துக்காக ஓரமா நிறுத்திக்கிட்டாங்க. மேசையை முந்தானையில தொடைச்சுட்டு உக்கார்ந்தேன். அவரு எம்பக்கத்துல வந்து நின்னு, நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு இளிச்சாரு. படம் எடுத்தாங்க.

"போதும் சாமி, எந்திரிச்சுக்க"ன்னாரு.

நான் எந்திரிக்கலை. ரெண்டாம் பாகத்தோட முதல் பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பிச்சேன்.