பச்சை நிறத்தில் ஒரு கல்யாணம்

என் மனைவி கடைசியாக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் மகனுடைய கல்யாண வீடியோவை நான் அவளோடு உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தக் கல்யாணத்துக்கே நான் போகவில்லை. பெண், சீனப் பெண். மகன் எங்களிடம் சொல்லாமல் பதிவு செய்துகொண்டு, பிறகு வந்து சொன்னான். "சொல்லாம செஞ்சுட்டான், அதான் வருத்தம்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். அது பொய். அவன் முன்கூட்டியே வந்து கேட்டிருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் அவன் கேட்கவில்லை. சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். எல்லா இனத்துப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்தார்கள், யாரையும் வேறாகப் பார்த்ததில்லை என்று பெருமையாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பெருமை என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பதிவுக்குப் பிறகு தேக்கா வட்டாரத்தில் ஒரு கோயிலில் கல்யாணம். என் மனைவி தானே கிளம்பி, டாக்சியில் தனியாகப் போனாள். நான் அன்று காலை கோப்பிக் கடைக்குப் போகலாம் என்று பார்த்தால் என் தோல் செருப்பைக் காணோம். அலமாரியெல்லாம் தேடிவிட்டுக் குளியலறைச் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். சாயங்காலம் அவள் வந்த பிறகு பார்த்தால் செருப்பு வாசலில் இருந்தது. ஈரமாக இருந்தது.

"எங்க போச்சு இது? ஏன் ஈரமா இருக்கு?"

"மழைலங்க."

அன்று எங்கள் ஆங் மோ கியோ வட்டாரத்தில் மழை பெய்ததா என்றுகூட நான் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவளிடம் செருப்பைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுச் செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு மகன் நான் இல்லாத நேரம் பார்த்து வந்து போனான். காலையில் நான் நடக்கப் போவேன். திரும்பி வரும்போது சமையலறையில் இரண்டு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருக்கும். நானும் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். மருமகளும் வருவாள் போலிருக்கிறது. ஆரஞ்சுப் பழங்கள் மேசையில் இருக்கும். நான் அதைத் தொட்டதில்லை.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னதும் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடத்தில் ஜன்னல் ஓரமாக வாடகைக் கட்டில் போட்டோம். தாதி வந்து வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போவார். அவளால் நிமிர்ந்து உட்கார முடியாது. படுத்தபடியே எதிர்ச் சுவரைத்தான் பார்க்க முடியும். டிவி அவள் தலைக்குப் பின்னால் போய்விட்டது.

ஒரு நாள் மத்தியானம் சொன்னாள்.

"என்னங்க, உங்க ப்ரொஜெக்டர் சும்மாதானே கெடக்கு? அந்தச் சுவத்துல கல்யாண வீடியோ போடுங்களேன். உங்களோட பாக்கணும்."

"உன் போன்ல இருக்குமே."

"போன்ல எல்லாரும் எறும்பு மாதிரி இருக்காங்க. அதுவுமில்லாம, நான் போனை நீட்டினா நீங்க கண்ணாடியக் காணோம்பீங்க."

உண்மைதான். அப்படித்தான் இரண்டு முறை தப்பித்திருந்தேன்.

மகன் அந்த வீடியோவை ஒரு சின்ன மீடியா பிளேயரில் போட்டு அவளுக்குக் கொடுத்திருந்தான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. நான் ஓய்வுபெற்ற பிறகு கிரிக்கெட் பார்க்க வாங்கிய பழைய ப்ரொஜெக்டரை எடுத்து வைத்து, நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டையும் இணைத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். படம் வந்தது. எல்லாம் பச்சை. வெள்ளை வேட்டி பச்சை, மல்லிகைப் பூ பச்சை, ஐயர் நெற்றியில் விபூதி பச்சை. கருத்த முடியும் நிழலும் ஊதா.

அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தாள்.

"மாப்பிள்ள மாங்கா, பொண்ணு கத்திரிக்கா. காய்கறிக் கடைக் கல்யாணம்லா!"

"கேபிள் சரியில்ல" என்றேன்.

கேபிள் நன்றாகத்தான் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. படத்தை அனுப்புவதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகப் போகும். மற்றதில் வெளிச்சம் ஒரு தடத்தில் போகும், நிற வேறுபாடுகள் இரண்டு தடங்களில் போகும். பிளேயர் இரண்டாவது முறையில் அனுப்பி, ப்ரொஜெக்டர் அதை முதல் முறை என்று எடுத்துக்கொண்டால் வெளிச்சமான இடமெல்லாம் பச்சையாகும், இருட்டெல்லாம் ஊதாவாகும். மெனுவில் ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும். இதை நான் வருடா வருடம் வகுப்பில் வேண்டுமென்றே தப்பாக இணைத்துக் காட்டி, மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மெனுவைத் திறக்க ரிமோட் வேண்டும். ரிமோட் என் கையில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேபிளைக் கழற்றி ஊதினேன், துடைத்தேன், திருப்பிச் செருகினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பிடிவாதம் என்றுதான் அப்போது நினைத்தேன். நான் இல்லாமல் என் மகன் சந்தோஷமாக இருந்ததை அவ்வளவு பெரிய சுவரில் பார்க்கப் பயமாக இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

"அப்படியே ஓடட்டும்ங்க. பச்சையா இருந்தா என்ன?" என்றாள். கொஞ்சம் ஓடியது. மேடையில் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். "பாத பூஜை வருது, பாருங்க. அந்தத் தாம்பாளத்துல என்ன இருக்குன்னு தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. எல்லாம் பச்சையா இருக்கு."

நிறம்தான் மாறுமே தவிர உருவம் மாறாது. தெரிந்திருக்கும். நான் சுவரைப் பார்க்கவே இல்லை. பிளேயரை அணைத்துவிட்டு, "சரி பண்ணிட்டுப் பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் புதுக் கேபிள் வாங்கப் போகிறேன் என்று பேருந்து ஏறினேன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் கேபிள் வாங்க எத்தனை நேரம் ஆகும்? வாங்கிய பிறகு தேக்காவில் டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். அப்போது மகனிடமிருந்து போன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, அம்மா சொன்னாங்க. கலர் தப்பா வருதாமே? ப்ரொஜெக்டர் மெனுல கலர் ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கும். அத மாத்திப் பாருங்க. நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

"பாத்துட்டேன். அது இல்ல."

"நான் வந்து பாக்கட்டா? ஈவினிங் ஃப்ரீதான்."

"வேணாம்."

 "ஓகேப்பா" என்று வைத்துவிட்டான்.   நான் திருப்பிக் கூப்பிடவில்லை.

புதுக் கேபிளிலும் பச்சைதான் வந்தது. வேறு எப்படி வரும்? டிவியை இந்தப் பக்கம் நகர்த்தி அதில் போடலாமே என்றாள். "அந்த டிவில இந்த ஃபைல் ஓடாது" என்றேன். அடுத்தது பிளேயர் சூடாகிறது என்றேன். அதற்கடுத்து ப்ரொஜெக்டர் விளக்கு பழசு என்றேன். ஒவ்வொரு சாயங்காலமும் முதுகைக் காட்டிக்கொண்டு எதையாவது கழற்றி மாட்டினேன். காலையில் நடக்கப் போகும்போது ரிமோட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். மகன் வந்தால் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடுவான் அல்லவா?

ஒரு சாயங்காலம் அவள் கேட்டாள்: "எத்தன புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தீங்க. உங்களுக்கா தெரியாது?"

நான் ப்ரொஜெக்டரின் மூடியைத் திறந்தேன்.

"சரி, விடுங்க. வந்து பக்கத்துல உக்காருங்க. சுவத்தையாவது பாப்போம்."

"ரெண்டு நிமிஷம் இரு, இத முடிச்சிட்டு வர்றேன்" என்றேன். ப்ரொஜெக்டரின் தூசி வடிகட்டியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தூங்கிப்போயிருந்தாள். மறுநாள் மருந்தைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் கண் திறந்தாலும் என்னை அடையாளம் கண்டுகொண்டாளா என்று சொல்ல முடியாது. அந்த வாரமே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு, ஒரு பிற்பகல் நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு ப்ரொஜெக்டரைப் போட்டேன். சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்தேன். மெனு. கலர் ஸ்பேஸ். ஒரு வரி கீழே. அவ்வளவுதான். மனிதர்கள் மனித நிறத்துக்கு வந்தார்கள்.

மருமகள் கட்டியிருந்தது அரக்குச் சிவப்புப் பட்டு. அவளுக்குக் கொசுவம் நிற்கவில்லை. என் மனைவி குனிந்து சரிசெய்துவிட்டுக் கொண்டே ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். மகன் அழுதிருந்தான், கண் சிவந்திருந்தது. பிறகு அந்த இரண்டு நாற்காலிகள் வந்தன. ஒன்றில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. அதற்கு முன்னால் தரையில் வெள்ளித் தாம்பாளம். தாம்பாளத்தில் என் தோல் செருப்பு.

வலது வார் அறுந்து நான் கறுப்பு நூலால் தைத்த அதே செருப்பு. மகன் அதன் மேல் பாலை ஊற்றினான், பிறகு தண்ணீர். மருமகள் மஞ்சளைக் குழைத்து விரல் நுனியால் பொட்டு வைத்தாள். தையல் போட்ட இடத்தில் படாமல் தள்ளி வைத்தாள். வைத்துவிட்டுச் சரியா என்று அத்தையின் முகத்தைப் பார்த்தாள். என் மனைவி தலையாட்டினாள். பூப் போட்டு, இருவரும் காலி நாற்காலியின் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள்.  என் மனைவி அந்த நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதைத்தான் தாம்பாளத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் வரவில்லை, ஆனாலும் அவர்கள் உங்களை விடவில்லை என்று எனக்குக் காட்ட நினைத்திருக்கிறாள். நான் கேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மகனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். மருமகள் வாசலில் தயங்கி, "மாமா, உள்ள வரலாமா?" என்று தமிழில் கேட்டாள். என் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தவள் அப்படிக் கேட்டாள். நான் வழியை விட்டு விலகி நின்றேன். 

உட்கார்ந்ததும் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாளே காரணம் தெரியும், தேக்காவில் நீ கூப்பிட்டபோது பொய் சொன்னேன், ரிமோட் என் பையிலேயே இருந்தது என்று வரிசையாகச் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"தெரியும்ப்பா" என்றான். "ஒரு நாள் காலைல வந்து ரிமோட் எங்கன்னு தேடினேன். அம்மாதான் சொன்னாங்க. 'அப்பா பாக்கெட்ல இருக்கு. நீ கேக்காத. அவரா எடுக்கட்டும், எடுப்பாரு'ன்னாங்க."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். மருமகள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

என் மனைவி எத்தனை நாள் அப்படிக் காத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தைரியமில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாடகைக் கட்டிலைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் சுவர் முழுதாகத் தெரிகிறது.