தாஹான்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சுங்கை சோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். எனக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை, மனைவிக்குத் தோட்டத்தில் பால்வெட்டு. இரண்டு பேரும் அசந்துபோய்த்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அந்த வருடம் அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. கை நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. மரத்தில் கத்தி வைப்பது இருக்கட்டும், தலைமுடியைக்கூட அள்ளிக் கட்ட முடியவில்லை. நான் போட்டுவிட்ட கொண்டை வாசலைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும்.

"ஒரு மாசம் பாக்கறேன். அப்புறம் மரத்த வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்லா," என்றார் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே அலுவலகத்துக் கிராணி இருந்தார். ஆனால் நாங்கள் இருந்த வீடு அவள் வேலைக்காகத் தோட்டம் கொடுத்தது. மரம் போனால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும்.

மருத்துவமனையில் மருந்தோடு ஒரு தாளையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலேயே செய்ய வேண்டிய லேசான உடற்பயிற்சிகள். படத்தில் ஓர் ஆள் சுவரோரம் நின்று விரல்களை மெல்ல மேலே நகர்த்துகிறான், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிறான், முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாளு முழுக்க பால்மரம் வெட்டற கைக்கு எக்சசைஸா? டாக்டருக்கு வேற வேல இல்லயா?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எழுத்தெல்லாம் மலாய். மனைவி மலாய் பேசுவாள், படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், அந்த மிதப்பும் எனக்கு உண்டு. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மூன்றே சொற்கள். முதலாவது தூக்கு, கடைசி இறக்கு, நடுவில் 'தாஹான்'. அது எங்கள் வாயில் தினமும் புரளும் சொல்தான். வெயில் தாஹான் முடியவில்லை, மண்டோர் வாய் தாஹான் முடியவில்லை என்போம். பொறுத்துக்கொள்வது என்று அர்த்தம்.

"கையத் தூக்கு. வலிக்கும், பொறுத்துக்க. அப்புறம் எறக்கு. அவ்வளவுதான்," என்றேன்.

காலையிலும் மாலையிலும் செய்தாள். விரல்கள் சுவரில் பாதி ஏறி நிற்கும். "இன்னும் கொஞ்சம், பொறுத்துக்க," என்று நான் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளுவேன். அவள் துண்டை வாயில் கவ்விக்கொள்வாள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் சாப்பிடலாம் என்பதுதான் என் நினைப்பு. அவ்வளவு களைப்பு எனக்கு. இரண்டு வாரத்தில் கை முன்பு ஏறிய அளவுக்கும் ஏறவில்லை.

மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். அன்று தமிழ் மிஸ்ஸி ஒருவர் இருந்தார். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். வீட்டில் செய்வதைச் செய்து காட்டச் சொன்னார். மனைவி சுவரில் விரல் வைத்தாள், சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தாள், கையைத் தூக்கினாள். மிஸ்ஸி பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்க்கா துணியக் கடிக்கிறீங்க?"

"தாஹான் பண்ணணுமே."

"ஐயோ அக்கா! தாஹான்னா அஞ்சு எண்ற வரைக்கும் கைய அப்படியே வெச்சிருக்கறதுலா. வலியப் பொறுத்துக்கறது இல்ல. வலிச்சா நிறுத்திடணும். யாரு ஒங்களுக்கு இப்படிச் சொன்னது?"

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் நெனச்சுக்கிட்டேன் மிஸ்ஸி," என்றாள்.

நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

மாதம் முடிந்தபோது கை தோள்மட்டத்துக்குத்தான் வந்திருந்தது. மண்டோர் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவளை ரப்பர் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போட்டார். வீடு தப்பியது, சம்பளம் குறைந்தது. நான் ஒழுங்காகப் படித்திருந்தால் மரமும் தப்பியிருக்குமோ என்னவோ.

பயிற்சியை மட்டும் அவள் விடவில்லை. ஒரு மாலை நான் ஐந்து வரை எண்ணுவதற்காக நின்றிருந்தேன். சுவரில் ஏறிய விரல்கள் பாதியில் நின்றன.

"வலிக்குதுங்க," என்று கையை இறக்கிவிட்டாள்.

பத்து வருடக் குடித்தனத்தில், இரண்டு பிள்ளை பெற்றவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.